விஞ்ஞானம் நம் பிள்ளைகளுக்கு இல்லையா?

பத்தாம் வகுப்புப் பரீட்சையில் விஞ்ஞானப் பாடத்துக்கு நூறு மார்க். எழுத்துப் பரீட்சைக்கு 75, செய்முறைக்கு 25. இந்த 25 மார்க்கைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம். கூலி உயர்வு, போனஸ், வேலைநீக்கம் என்று தலைபோகிற பிரச்னைகள் கிடக்கும்போது இது ஒரு விஷயமா என்று சில தோழர்கள் கேட்கலாம். விஷயம்தான். பெரிய விஷயம்தான்.

செய்முறை என்றால் என்ன? மாணவன் தன் கையால் ஒன்றைச் செய்து, தன் கண்ணால் பார்த்து, பார்த்ததை எழுதுவது. ஆனால் நம் ஊர் ஹைஸ்கூல்கள் பலவற்றில் நடப்பது வேறு. வருஷம் முழுவதும் சோதனைச்சாலைக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. உள்ளே பிப்பெட்டும் பியூரெட்டும் தூசி படிந்து நிற்கின்றன. மைக்ராஸ்கோப்பு துணி மூடிக் கிடக்கிறது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அதை யாரும் தொடுவதில்லை. பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பூட்டுத் திறக்கிறது. இந்தப் பொடிக்கு இந்த விடை, இந்தக் கம்பிக்கு இந்த அளவு என்று பலகையில் எழுதிப் போடுகிறார்கள். பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்கிறார்கள். 25-க்கு 25 விழுகிறது! பெற்றோருக்குச் சந்தோஷம், தலைமையாசிரியருக்கு நிம்மதி, கல்வி அதிகாரிக்குத் தேர்ச்சி விகிதம். மார்க்கைக் கையில் கொடுத்துவிட்டு விஞ்ஞானத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்பது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

எல்லாப் பள்ளியும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. லிட்மஸ் தாளும் டார்ச் பல்பும் சொந்தக் காசில் வாங்கிவந்து பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் லட்சக்கணக்கான குடும்பங்களின் பிள்ளைகளுடைய படிப்பு ஒருசில நல்ல மனிதர்களின் தயவில் நடக்க வேண்டுமா? அது தர்மம், கல்வி ஆகாது.

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு ஒன்றைச் சொல்கிறோம். விதைநெல் தேறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டால் மூழ்கும். உப்பைக் கொட்டிக் கலக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் முட்டை மேலே எழும்பி, காசளவு முதுகு தெரிய மிதக்கும். அப்போது முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டுகிறோம். பதரும் அரைவயிற்று நெல்லும் மிதக்கின்றன, அரித்து எறிகிறோம். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்கிறோம். ஏன் வெறும் தண்ணீரிலேயே போடக் கூடாது? போட்டால் அரைகுறை நெல்லும் மூழ்கிவிடும். உப்பு கரைந்த தண்ணீர் அதே அளவு நல்ல தண்ணீரைவிடக் கனமானது. அதைவிடக் கனமான முழுநெல்தான் அதில் மூழ்கும். இதற்குப் பெயர்தான் அடர்த்தி. பள்ளிக்கூடத்தில் அதே அடர்த்தியைப் "நிறை வகுத்தல் பருமன்" என்று நம் பிள்ளை உருப்போடுகிறது. தாய் வயலில் ஒவ்வொரு போகத்துக்கும் செய்கிற வேலையும், பிள்ளை வகுப்பில் மனப்பாடம் செய்கிற வரியும் ஒன்றே என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வாளி, ஒரு முட்டை, ஒரு படி உப்பு. இதற்கு எந்தச் சோதனைச்சாலை வேண்டும்?

பஞ்சாலைத் தோழர்களுக்கும் அப்படியே. நாற்பதாம் நம்பர் நூல் என்கிறோம். 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடையில் இப்படி 40 சிட்டம் நின்றால் அது நாற்பதாம் நம்பர். அதாவது 33,600 கஜம்; கிட்டத்தட்ட 31 கிலோமீட்டர் நூல், அரைக் கிலோவுக்கும் குறைந்த பஞ்சிலிருந்து! இந்தக் கணக்கு ரீலிங் பகுதியில் நிற்கிற தொழிலாளிக்கு அத்துப்படி. கோடையில் வறண்ட காற்று அடித்தால் நூல் அறுபடும், இழை யந்திரத்தில் ஒட்டிக்கொண்டு சிலுப்பும். அதனால்தான் மில்லுக்குள் ஈரக்காற்றுப் புகை விடுகிறார்கள் என்பதும் தெரியும். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுக்கிறதே, அதே நிலைமின்சாரம்தான் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் இழையையும் இழுக்கிறது. ஈரம் இருந்தால் அந்த மின்சாரம் தங்காமல் ஓடிவிடும். சீப்புப் பாடத்தைப் படிக்கிற பிள்ளையின் தகப்பன் மில்லில் அதோடுதான் எட்டு மணி நேரம் மல்லாடுகிறான். இருவரும் ஒரே வீட்டில் படுத்துத் தூங்குகிறார்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது.

உழைப்பவனுக்கு அறிவில்லை, அறிவாளி உழைப்பதில்லை என்று பிரித்துவைத்த பழைய ஜாதிச் சமுதாயத்தின் வாசனை நம் விஞ்ஞான வகுப்புக்குள்ளும் அடிக்கிறது. கையால் தொடுவது கீழான வேலை, வாயால் ஒப்பிப்பது மேலான வேலை!

இது மாற்ற முடியாத விதியா? இல்லை. இந்த நாட்டிலேயே மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மவர்களில் பலருக்கு அது தெரியாது.

மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஆற்றங்கரையில் ஹோஷங்காபாத் என்று ஒரு ஜில்லா. இப்போது நர்மதாபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். கோதுமையும் சோயாவும் விளைகிற கிராமப் பிரதேசம். அங்கே 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதுமுயற்சி ஆரம்பித்தது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு ஸ்தாபனங்கள் அதை ஆரம்பித்தன. கிஷோர் பாரதியை நிறுவிய அனில் சத்கோபால் அமெரிக்காவில் உயிரியல் ஆராய்ச்சி படித்துவிட்டு, பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தார். டாட்டா கழகத்து விஞ்ஞானிகளும், பின்னர் டில்லி சர்வகலாசாலை ஆசிரியர்களும் கைகொடுத்தார்கள். பள்ளிகள் எல்லாம் சர்க்கார் பள்ளிகள். ஆசிரியர்கள் எல்லாம் சர்க்கார் சம்பளத்து ஆசிரியர்கள். பிள்ளைகள் எல்லாம் உழுகிறவர்கள், கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். புதிதாக வந்தது முறை மட்டுமே.

6, 7, 8 வகுப்புகளில் விஞ்ஞானப் பாடத்தில் உருப்போடுவது என்பதே இல்லை. பிள்ளைகள் நாலு நாலு பேராக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சாமான் பெட்டி. "பால் வைக்யானிக்" என்ற புத்தகம் விடையைச் சொல்லவில்லை; கேள்வியைக் கேட்டது, செய்து பார்க்கச் சொன்னது. வெளியே போய் இலைகளைச் சேகரித்து வந்து இனம் பிரித்தார்கள். உருளைக்கிழங்கிலும் சோற்றிலும் அயோடின் சொட்டுவிட்டு, நீலம் பாய்கிறதா என்று பார்த்து மாவுச்சத்தைக் கண்டுபிடித்தார்கள். காசைச் சுண்டிச் சுண்டிப் பூவா தலையா எழுதி, தற்செயல் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு என்பதைத் தாமே கண்டார்கள். ஒரே மேஜையைப் பத்துப் பிள்ளைகள் அளந்தால் பத்து விடை வருகிறதே, எது சரி? இந்தக் கேள்விக்கு அவர்கள் புத்தகத்தில் ஒரு பாடமே இருந்தது. நம் பள்ளியில் இந்தக் கேள்வி எழுந்தால் என்ன நடக்கும்? ஒன்பது பிள்ளைகளுக்கு அடி விழும்!

ஆசிரியர்களை ஏவிவிட்டு ஒதுங்கவில்லை. கோடை விடுமுறையில் மூன்று வாரம் பயிற்சி. அந்த மூன்று வாரமும் கிராமத்து ஆசிரியரும் சர்வகலாசாலை நிபுணரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதே சோதனைகளைச் செய்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நிபுணருக்கும் வெட்கமில்லை, கேட்க ஆசிரியருக்கும் பயமில்லை. வருஷம் நடக்கும்போது மாதாமாதம் கூடிப் பேசினார்கள். எந்தச் சோதனை வகுப்பில் சரியாக வரவில்லையோ அதைத் திருத்தினார்கள், புத்தகத்தையும் திருத்தினார்கள். பிள்ளைகள் கேள்விகளை எழுதி அனுப்ப "சவாலிராம்" என்று ஒரு கற்பனைப் பேர்வழியை உண்டாக்கியிருந்தார்கள். கடுதாசி போட்டால் பதில் வரும்.

பரீட்சை? அதையும் மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே எழுதலாம். புத்தகத்தைப் பார்த்து எழுத முடியாத கேள்விகளையே கேட்டால் புத்தகம் திறந்திருந்து என்ன, மூடியிருந்து என்ன? செய்முறைப் பரீட்சையும் தனியாக உண்டு. காப்பி அடிக்க முடியாத பரீட்சைக்குப் பறக்கும் படை எதற்கு?

1978-இல் ஜில்லா முழுவதும் இந்த முறை பரவியது. 1982-இல் இதைக் கவனிப்பதற்கென்றே ஏகலவ்யா என்ற ஸ்தாபனம் பிறந்தது. பின்னர் பல ஜில்லாக்களில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகளை எட்டியது. இந்த இயக்கத்தில்தான் அரவிந்த் குப்தா என்ற இஞ்சினீயர் வந்து சேர்ந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து டெல்கோவில் லாரி செய்யும் வேலையில் இருந்தவர். கிஷோர் பாரதிக்கு வந்த இடத்தில், சைக்கிள் வால்வு ட்யூப்பை வெட்டித் துண்டாக்கித் தீக்குச்சிகளைச் செருகினால் முக்கோணம், சதுரம், கூடாரம், வீடு எல்லாம் கட்டலாம் என்று கண்டுபிடித்தார். சதுரம் சாய்கிறது, முக்கோணம் அசையாது. பாலத்துக்கும் கிரேனுக்கும் ஏன் முக்கோணச் சட்டம் போடுகிறார்கள் என்பது ஒரு பெட்டித் தீக்குச்சிக்குள் அடங்கிவிட்டது. தீப்பெட்டி நம் சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் பிறக்கிற சாமான். அதை ஒட்டிய கைகளின் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு இன்னும் எட்டவில்லை என்பது என்ன கொடுமை!

முப்பது வருஷம் நடந்தது. 2002-ஆம் வருஷம் மத்தியப் பிரதேச சர்க்கார் ஒரே உத்தரவில் இதை மூடிவிட்டது. அப்போது அங்கே இருந்தது திக்விஜய் சிங் தலைமையிலான காங்கிரஸ் ஆட்சி. மாநிலம் முழுவதும் ஒரே புத்தகம் வேண்டும், இந்தப் பிள்ளைகள் மற்றவர்களோடு போட்டியிட முடியாமல் பின்தங்கிவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் ஆட்சேபித்தார்கள். உத்தரவு மாறவில்லை. நாலு பேர் உட்கார்ந்து சோதனை செய்த இடத்தில் மறுபடியும் மனப்பாடம் வந்து உட்கார்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. "பின்தங்கிவிடுவார்கள்" என்ற பேச்சு பெற்றோர் மனத்திலும் எடுபட்டது. எடுபடாமல் என்ன செய்யும்? எட்டாவது வரை கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை பத்தாவதில் பழைய உருப்போடும் பரீட்சையில்தான் போய் விழுந்தது. ஏணியின் அடிப்படியை மாற்றிவிட்டு மேல்படியைப் பழையபடி விட்டுவைத்தார்கள். குற்றம் பிள்ளையின் மேல் அல்ல, சோதனை முறையின் மேலும் அல்ல. பரீட்சையின் மேல். ஆனால் நீக்கப்பட்டது எது? பரீட்சை அல்லவே! நம் வீடுகளிலும் "மார்க் வந்தால் போதும், மற்றது எதற்கு" என்கிற பேச்சு உண்டு. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஒரு மார்க்கில் ஒரு வேலை தவறிப்போகிற தேசத்தில் கூலிக்காரத் தகப்பன் வேறு எப்படிப் பேசுவான்? அந்தக் கவலைக்குப் பதில் சொல்லாமல் வகுப்பறையை மட்டும் மாற்றுகிற எந்தத் திட்டமும் நிலைக்காது என்பதை ஹோஷங்காபாத் காட்டுகிறது.

சரி, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் விஞ்ஞானி ஆகப்போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு இவ்வளவும் என்று சில கனவான்கள் கேட்பார்கள். இதே மனப்பான்மை இன்னொரு காரியமும் செய்தது. மத்திய சர்க்காரின் என்.சி.ஈ.ஆர்.டி. கொரோனா காலத்துப் பாடச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லிப் பாடங்களை வெட்டியது. கொரோனா போயிற்று, வெட்டு நின்றது. 2023-இல் அச்சான பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் பரிணாமம் இல்லை, தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணையும் இல்லை. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் இருக்கிறதே என்று பதில் வந்தது. பதினொன்றில் உயிரியல் எடுப்பவன் யார்? டாக்டருக்குப் படிக்க நினைப்பவன். பத்தாவதோடு நிற்பவன் யார்? பத்தாவது முடிந்ததும் பஞ்சாலை விடுதிக்கு அனுப்பப்படுகிற பெண் யார்? எல்லாப் பிள்ளைகளும் கட்டாயமாக விஞ்ஞானம் படிப்பது பத்தாவது வரைதான். அங்கே வெட்டினால் நம் பிள்ளைகளின் பங்கைத்தான் வெட்டுகிறார்கள். தமிழ்நாட்டுப் புத்தகம் அப்போதும் பரிணாமத்தைக் கைவிடவில்லை. இதைப் பாராட்டுகிறோம். ஆனால் புத்தகத்தில் இருந்தால் போதாது, வகுப்பில் நடக்க வேண்டும்.

2018 ஜனவரியில் மத்திய கல்வி இலாகாவின் துணை மந்திரியாக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை தவறு, குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, பாடத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். தேசத்தின் விஞ்ஞான சபைகள் மறுப்புத் தெரிவித்தன. மந்திரிக்கு நாம் பருத்திக் காட்டிலிருந்து பதில் சொல்லலாம்.

2002-இல் பி.டி. பருத்தி இந்தியாவுக்கு வந்தது. செடியே புழுவைக் கொல்லும், மருந்துச் செலவு மிச்சம் என்றார்கள். முதலில் புழு செத்தது உண்மை. ஆனால் ஆயிரம் புழுவில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே அந்த விஷத்தைத் தாங்கும் தன்மை இருக்கும். மற்றவை சாக, இவை மட்டும் பிழைத்துக் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்கும் அந்தத் தன்மை உண்டு. சில வருஷத்தில் காடு முழுவதும் அவற்றின் வம்சம். குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. பருத்தியைத் தின்று பிழைக்கிறது என்று விதையை விற்ற மான்சாண்டோ கம்பெனியே 2010-இல் ஒப்புக்கொண்டது. இதுதான் பரிணாமம்! குரங்கு மாறியதை மந்திரியின் பாட்டனார் பார்க்காமல் இருக்கலாம். புழு மாறியதைக் கூலிக்கு மருந்தடிக்கிற தொழிலாளி பார்த்துவிட்டான்.

பார்த்ததோடு போகவில்லை. புழு சாகவில்லை என்றால் இன்னும் கடுமையான மருந்து, இன்னும் அதிகத் தடவை. 2017-இல் மராட்டியத்தில் யவத்மால் ஜில்லாவின் பருத்திக் காடுகளில் மருந்தடித்தவர்கள் விஷக்காற்றைச் சுவாசித்து மயங்கி விழுந்தார்கள். விவசாயிகளும் கூலிக்காரர்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பூச்சிமருந்து டப்பாவின் மேல் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும்; அதன் பாதியில் வர்ணம் பூசியிருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் அடுத்தது, நீலம் அதற்கு அடுத்தது, பச்சை கடைசி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் சட்டம் இந்த வர்ணத்தை வைத்தது. இதை எத்தனை கூலிக்காரர்களுக்கு யார் சொன்னார்கள்? விஷம் மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் ஏறும். நனைந்த சட்டையோடு நிற்பதே ஆபத்து. எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்தில் பத்து நிமிஷப் பாடம் இது. அன்று மாலை அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து, அப்பா அடிக்கிற டப்பாவைத் திருப்பிப் பார்க்கும். ஒரு உயிர் மிஞ்சும்.

மில்லில்? வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற நாளில் நெஞ்சு இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது. பீடி குடித்ததால் என்று சொல்லிவிடுவார்கள். பீடியும் கெடுதல்தான். ஆனால் கார்டிங் பகுதியின் பஞ்சுத் தூசி உண்டாக்குகிற நுரையீரல் நோய்க்குப் பிஸினோஸிஸ் என்று தனிப்பெயர் இருக்கிறது. நஷ்டஈட்டுக்கு உரிய தொழில்நோய் என்று சட்டப் பட்டியலில் ஏறியிருக்கிறது. சுவாச மண்டலத்தைப் படம் போட்டுப் பாகம் குறித்து ஐந்து மார்க் வாங்குகிற பிள்ளைக்கு, தன் தாயின் இருமல் அந்தப் படத்துக்குள்தான் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? தெரிந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் தூசி உறிஞ்சும் யந்திரம் ஏன் ஓடவில்லை என்று மானேஜரிடம் போகும். இதனால்தானோ என்னவோ, விஞ்ஞானத்தை மார்க்கோடு நிறுத்திக்கொள்வதில் பல பேருக்கு வசதி இருக்கிறது.

கமிஷன்கள் சொல்லாமல் இல்லை. பௌதிக விஞ்ஞானி கோத்தாரி தலைமையில் 1964-இல் அமைந்த கல்விக் கமிஷன் 1966-இல் அறிக்கை கொடுத்தது. பத்து வருஷப் பள்ளிப்படிப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் விஞ்ஞானமும் கணிதமும் கட்டாயம் என்றது. தேசிய வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கல்விக்கு வேண்டும் என்றது. முதலாவதைக் காகிதத்தில் செய்தார்கள். இரண்டாவதை எந்த மத்திய சர்க்காரும் ஒரு வருஷம்கூடத் தொடவில்லை. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்திலும் எழுதிவைத்தார்கள். கடமை பிரஜைக்கு, கண்ணாடிக் குழாய்க்குப் பணம் தருகிற கடமை யாருக்கு என்று எழுதவில்லை.

தமிழ்நாட்டுக் கதையைப் பாருங்கள். ஹைஸ்கூலில் விஞ்ஞானத்துக்கு வருகிற ஆசிரியர் தாவரவியல் படித்தவராக இருப்பார். அவர்தான் பௌதிகம், ரசாயனம், விலங்கியல் எல்லாம் எடுக்க வேண்டும். ரசாயனம் படித்தவர் வந்தால் தவளையைக் கண்டு தயங்குவார். இது அவர் குற்றமில்லை. புள்ளிவிவரம் சேர்ப்பதும் செல்போனில் விவரம் ஏற்றுவதுமாக நேரம் போனால் சோதனைக்குச் சாமான் எடுத்துவைப்பது எப்போது? அதற்குத்தான் ஆய்வக உதவியாளர் என்று ஒரு பதவி. 2015-இல் 4,362 இடங்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். பல லட்சம் வாலிபர்கள் எழுதினார்கள். முடிவு வந்தது 2017-இல்! இரண்டு வருஷம் சாமானும் தூங்கியது, வாலிபர்களும் காத்திருந்தார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2022-இல் தமிழக சர்க்கார் வானவில் மன்றம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனைச் சாமான்களோடு பயிற்சி பெற்றவர்கள் பள்ளிக்கே வந்து செய்துகாட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வந்து போகிறவர் விருந்தாளி. வீட்டுச் சமையல் நடக்க வேண்டாமா? ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு என்ன செய்வது? 1980-இல் ஆரம்பித்த தமிழ்நாடு அறிவியல் இயக்கம் துளிர் பத்திரிகையையும் குழந்தைகள் விஞ்ஞான மாநாட்டையும் வருஷக்கணக்காக நடத்திவருகிறது. ஊர்க் குளத்து நீரையும் தெருக் குப்பையையும் பிள்ளைகளே ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறார்கள். ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் விஞ்ஞான தினம் என்றால் பிப்ரவரி 28-ஆம் தேதி தெர்மோகோல் எரிமலை! கடையில் விலைக்கு விற்கிறார்கள், வாங்கி வைக்கிறார்கள், சோடா மாவும் வினிகரும் பொங்குகிறது, அதிகாரி கை தட்டுகிறார். சி.வி. ராமன் பெயரால்!

பணம் உள்ளவன் பிள்ளைக்கு இந்தக் கஷ்டமில்லை என்று நினைக்க வேண்டாம். லட்சக்கணக்கில் வாங்குகிற கோச்சிங் கடைகளிலும் சோதனைச்சாலை கிடையாது. 2017 முதல் நீட் வந்தபின் ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையைக் கொண்டுபோய் அடைத்துவிடுகிறார்கள். நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கப் பழக்குகிறார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது. விஞ்ஞானம் இல்லாமலே டாக்டர் ஆகிவிடலாம். நம் பிள்ளைக்கு அந்த வழியும் அடைபட்டது. சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் 2020-இல் வந்ததால் ஓரளவு மூச்சு விட முடிந்தது. அது நாடு கேட்டுப் பெற்றது, தானாக வந்ததல்ல.

நாம் என்ன கேட்கிறோம்? பெரிதாக ஒன்றுமில்லை. ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை வாரத்துக்கு இரண்டு பீரியட் கட்டாயமாகச் செய்முறை. அது அட்டவணையில் இருக்க வேண்டும், நடந்ததற்கு நோட்டு இருக்க வேண்டும். எல்லா ஹைஸ்கூலிலும் ஆய்வக உதவியாளர். உடைந்த கண்ணாடிக்கு ஆசிரியரின் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. பிள்ளைகள் கைபட்டால் குழாய் உடையத்தான் செய்யும், உடையாத சோதனைச்சாலை உபயோகப்படாத சோதனைச்சாலை. ஹோஷங்காபாத் ஆசிரியர்களுக்குக் கிடைத்தது போலக் கோடைப் பயிற்சி, சம்பளத்தோடு. 25 மார்க்குச் செய்முறைப் பரீட்சையை வெளிப்பள்ளி ஆசிரியர் முன்னிலையில், பிள்ளைக்கு முன்கூட்டித் தெரியாத சோதனையை வைத்து நடத்துவது. எழுத்துப் பரீட்சையிலும் மனப்பாடத்துக்கு அகப்படாத கேள்விகளை வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுவது. அடிப்படியை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம்.

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்கு மாநில மாநாடு வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார்கள் பல ஊர்களில் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: ஐயா, சோதனைச்சாலையின் இருப்புப் பதிவேட்டைக் கொஞ்சம் காட்டுங்கள், இந்த வருஷம் அந்த அறை எத்தனை நாள் திறந்தது, மைக்ராஸ்கோப்பு வேலை செய்கிறதா, நாங்களும் ஒருமுறை பார்க்கலாமா? ஆசிரியர்மேல் சண்டைக்குப் போக வேண்டாம். அவருக்கும் இந்தச் சாமான்கள் இல்லாத குறை இருக்கிறது. உங்கள் கேள்வி அவருக்குப் பலம். இல்லாததை எல்லாம் எழுதித் தீர்மானமாக்கி வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஒரு நகலைச் சங்க ஆபீசில் கொடுங்கள். எந்தெந்த ஊரில் எது இல்லை என்று நாம் இந்தப் பத்திரிகையில் வாராவாரம் வெளியிடுகிறோம். அறுவடை முடிந்து விதைநெல் தேறுகிற நாளில், வாளியும் முட்டையும் உப்புமாக நம் தாய்மார்களில் ஒருவர் எட்டாம் வகுப்புக்குள் போய்ச் செய்துகாட்ட அனுமதியும் கேளுங்கள்.